வெறுமையாய்க் கொடுத்த பானை

1. புரட்டாசியில் அம்மாவின் வலது மணிக்கட்டு வீங்கியது. ஐப்பசியில் இடதும் வீங்கியது.

2. பாளையங்கோட்டை டாக்டர், பாத்திரம் தேய்ப்பது, கனம் தூக்குவது, துணி பிழிவது மூன்றையும் நிறுத்தச் சொன்னார். நிறுத்தாவிட்டால் விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும் என்றார்.

3. என் அலுவலகத்துக்குப் பக்கத்தில் இரண்டு அறை கொண்ட ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தேன்.

4. அம்மா வருவதாகச் சொன்னாள். "பாத்திரத்துக்கு ஒரு வழி பண்ணிட்டு வாரேன்" என்றாள்.

5. பரணில் இருந்த பாத்திரங்களை இறக்கி எண்ணினேன். அறுபத்து மூன்று.

6. எங்கள் வீட்டு எழுத்து வெட்டியிருந்தது இருபத்தாறில் மட்டும்.

7. மற்ற முப்பத்தேழையும் பதினொரு நாளில் உரியவர்களிடம் சேர்த்தேன்.

8. அவற்றில் ஒன்றை வெறுமையாகக் கொடுத்தேன்.

9. எட்டாவதன் காரணமாக அம்மா நான்கு மாதம் அந்த வீட்டை விட்டு வரவில்லை.

அந்த வருஷத்து நோட்டில் இவ்வளவுதான் எழுதி வைத்திருக்கிறேன். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. சிவில் டிப்ளமோ முடித்து, பாளையங்கோட்டையில் வீடு கட்டிக் கொடுக்கும் ஒருவரின் அலுவலகத்தில் வரைபடம் வரைந்துகொண்டிருந்தேன். எங்கள் வீடு அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில், ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. காலையில் பாசஞ்சர் ரயில், சாயங்காலம் பஸ். அப்பா இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. வயல்கள் அதற்கும் முன்பே கைமாறிவிட்டன. வீடு மட்டும் வயல் இருந்த காலத்து அளவில் அப்படியே நின்றது. அதில் அம்மாவும் நானும் இருந்தோம்.

வீடு கட்ட வருகிறவர்கள் எல்லாரும் எங்கள் அலுவலகத்தில் முதலில் கேட்பது பரண்தான். "நாலு பக்கமும் பரண் வரட்டும்மா" என்பார்கள். தரையோடு நிற்கும் சுவரைக் கனமான கோட்டில் வரைவோம். பரண் தலைக்கு மேலே இருப்பதால் அதைப் புள்ளிக்கோட்டில் வரைவோம். தினமும் யாருடைய வீட்டுக்கோ அந்தப் புள்ளிக்கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுப் பரணில் என்ன இருக்கிறது என்று ஏறிப் பார்த்ததில்லை.

எங்கள் வீடு பாத்திரம் கொடுக்கிற வீடு. தெருவில் கல்யாணம், சடங்கு, கோயில் கொடை எது வந்தாலும் அண்டாவும் உருளியும் தவலையும் எங்கள் வீட்டிலிருந்து போகும். பந்தல் போடுகிறவர்களே பாத்திரமும் சேர்த்து வாடகைக்குத் தரும் காலம் வந்த பிறகும், ஒரு உருளியாவது எங்கள் வீட்டிலிருந்து போனால்தான் பெண்களுக்குத் திருப்தி. கொடுப்பதற்கு முன் அம்மா புளி போட்டுத் தேய்ப்பாள். திரும்பி வந்ததும் மறுபடி தேய்ப்பாள். வேலைக்கு வரும் பெண்ணை அதில் கைவைக்க விடமாட்டாள். ஆவணியில் ஆறு முகூர்த்தம் இருந்தது. புரட்டாசியில் கை வீங்கியது. இரண்டுக்கும் உள்ள தொடர்பு எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அம்மாவைப் பாத்திரங்களிடமிருந்து பிரித்துக் கொண்டுபோவது ஒன்றே அப்போது என் எண்ணம். இதில் எனக்கும் ஒரு ஆசை இருந்தது. டிப்ளமோ படித்த மூன்று வருஷமும் விடுதியில் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு வாளி, ஒரு தட்டு, ஒரு தம்ளர் வைத்துக்கொண்டு இருந்தேன். எனக்குச் சொந்தமானது ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று இருட்டிலும் தெரியும். அந்த மூன்று வருஷம்போல நிம்மதியாக நான் இருந்ததில்லை. அப்படி ஒரு வீடு வேண்டும் என்று நினைத்தேன். பாளையங்கோட்டை வீட்டை ஒன்றுக்கு ஐம்பது என்ற அளவில் வரைந்து, அடுக்களைப் பலகையில் எட்டுப் பாத்திரங்களுக்கு எட்டு வட்டம் போட்டு அம்மாவிடம் காட்டினேன்.

அம்மா படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். "வட்டமெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

பரணிலிருந்து எல்லாவற்றையும் இறக்கியபோதுதான் எழுத்துகளைக் கவனித்தேன். பித்தளையோ வெண்கலமோ, வாங்கியதும் விளிம்புக்குக் கீழே வீட்டாரின் எழுத்தை வெட்டி வைப்பது வழக்கம். கூடத்தில் வரிசையாகக் கவிழ்த்து வைத்து ஒவ்வொன்றையும் படித்தேன். பதினான்கு வீட்டு எழுத்துகள் இருந்தன. விசேஷ வீட்டில் எல்லார் பாத்திரத்தையும் ஒன்றாகப் போட்டுக் கழுவி, கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். யாரும் மறுத்துச் சொல்லவில்லை.

"அம்மா, நம்ம பேருல இருக்கது இருபத்தாறுதான்."

"தெரியும்."

"தெரியுமா?"

"பின்னே? வந்ததுமே பேரத் திருப்பிப் பாத்துக்கிட்டா இருப்பாங்க? அது என்ன வீடா, போலீஸ் ஸ்டேஷனா?"

"அப்பம் மத்ததெல்லாம் அடுத்தவங்க சாமானுல்லா?"

"நம்ம சாமான் அடுத்தவங்க வீட்டுல இருக்கும். எங்க போயிரப் போகுது."

எனக்கு இது பெரிய பிழையாகத் தெரிந்தது. திருத்திவிடலாம் என்றும் தெரிந்தது. ஒரு நோட்டில் கட்டம் போட்டேன். வரிசை எண், பாத்திரம், எழுத்து, வீடு, கொடுத்த நாள், பெற்றவர் கையெழுத்து. அலுவலகத்தில் பாதி நாள் விடுப்புக் கேட்டு, ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவை அமர்த்தினேன்.

அம்மா ஒன்றே ஒன்று சொன்னாள். "வெறும் பாத்திரமாக் கொண்டுபோயி வைக்காதே. ஒரு பிடி அரிசியும் ஒரு துண்டு வெல்லமும் போட்டுக் குடு." எங்கள் பக்கத்தில் இது எல்லாருக்கும் தெரிந்த முறை. வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பினால், இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று அர்த்தம். எனக்கும் தெரியும். அரிசியையும் வெல்லத்தையும் பொட்டலம் கட்டி ரிக்‌ஷாவில் வைத்துக்கொண்டேன்.

தெருக்கோடியில் பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணாச்சி வீட்டுக்கு ஐந்து பாத்திரங்கள் போயின. அவர் என் நோட்டை வாங்கிப் புரட்டினார்.

"என்ன தாயி, ஆடிட்டா?"

"இல்ல அண்ணாச்சி. நாங்க பாளையங்கோட்டைக்குப் போறோம். அவங்கவங்க சாமானை அவங்கவங்ககிட்ட..."

"சரி, நில்லு." உள்ளே போனவர் இரண்டு தவலைகளோடு வந்தார். "ஒங்கம்மா பேருதானே இது? எடுத்துட்டுப் போ."

"வேண்டாம் அண்ணாச்சி. குறைக்கதுக்குத்தான் வந்தேன்."

"ஒன்கிட்ட வேணுமான்னு யாரு கேட்டா? ஒம்பாட்டுக்கு எங்க வாசல்ல எறக்கி வைக்கே, நாங்க மட்டும் அடுத்தவன் தவலைய வச்சிக்கிட்டு இருக்கணுமாக்கும்? எழுது. ரெண்டு தவலை. கையெழுத்து நீ போடு."

எல்லா வீட்டிலும் இதுவே நடந்தது. சில வீடுகளில் இப்படிச் சிரித்துக்கொண்டு, சில வீடுகளில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. பதினொரு நாளில் முப்பத்தேழு கொடுத்தேன். பத்தொன்பது திரும்பி வந்தன. ஆக மொத்தம் பதினெட்டுதான் குறைந்திருந்தது.

முப்பத்தேழில் கடைசியாக நின்றது ஒரு வெண்கலப் பானை. எதிர்வீட்டு அத்தையின் எழுத்து. அத்தை எங்களுக்கு உறவில்லை. அம்மா அவளை மதினி என்று கூப்பிடுவாள், அதனால் எனக்கு அத்தை. கணவர் இல்லை, மகன் வெளியூரில் இருந்தான். தினமும் மூன்று நான்கு தடவை அவள் எங்கள் வீட்டுக்கும் அம்மா அவள் வீட்டுக்கும் போய்வருவார்கள். காலையில் ஆற்றுக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் போவார்கள்.

பொட்டலங்கள் தீர்ந்திருந்தன. அம்மா படுத்திருந்தாள். அரிசிப் பானையைத் திறந்து ஒரு பிடி எடுக்க எனக்கு அரை நிமிஷம் ஆகியிருக்கும். எதிர்வீடுதானே என்று நினைத்தேன். அடுத்த தெருக்காரர்களுக்குச் செய்கிற மரியாதையெல்லாம் அங்கே எதற்கு, இரண்டும் ஒரு வீடு மாதிரிதானே. பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவைத் தாண்டினேன்.

அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பானையை முன்னால் வைத்தேன். அவள் எழுத்தைப் பார்க்கவில்லை. குனிந்து பானைக்குள் பார்த்தாள்.

"என்னளா இது, வெறும் பானையா?"

"உங்க பானைதான் அத்தை. பேரு வெட்டியிருக்கு பாருங்க. இங்கன ஒரு கையெழுத்துப் போடணும்."

கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். "ஒங்கம்மா குடுத்துட்டு வரச் சொன்னாளா?" என்று கேட்டாள்.

"ஆமா அத்தை. இதோட எல்லாம் முடிஞ்சுது."

எனக்குக் கிடைத்த முப்பத்தேழாவது கையெழுத்து அது. பட்டியலின் அடியில் கோடு போட்டேன். அன்று சாயங்காலம் அத்தை வீட்டு வேலைக்காரப் பெண் எங்கள் எழுத்து வெட்டிய ஒரு வெண்கலப் பானையைக் கொண்டுவந்து வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். அம்மா எழுந்து வந்து அதைப் பார்த்தாள்.

"மதினி பானைய நீ குடுத்தியா?"

"ஆமா."

"அரிசி போட்டியா?"

"இல்ல. எதுத்த வீடுதானம்மா."

"எதுத்த வீடுதான்" என்றாள் அம்மா. பானையைத் தூக்கப் போனாள். கை ஒத்துழைக்கவில்லை. நான் தூக்கி உள்ளே வைத்தேன்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அம்மா அந்தப் பானைகளின் கதையைச் சொன்னாள். எனக்கு நான்கு வயதாக இருந்தபோது அத்தையின் கணவர் இறந்தார். அந்த வருஷம் அந்த வீட்டில் பொங்கல் இல்லை. அம்மா எங்கள் பானையில் பொங்கி, பானையோடு கொண்டுபோய் வைத்தாள். மறுநாள் அத்தை தன்னுடைய பானையில் அரிசி நிறைத்து அனுப்பினாள். அம்மா அதை வைத்துக்கொண்டாள். அத்தையும் கேட்கவில்லை. இருபது வருஷமாக எங்கள் வீட்டுப் பொங்கல் அவள் பானையில், அவள் வீட்டுப் பொங்கல் எங்கள் பானையில். இரண்டு பானையும் பார்க்க ஒரே மாதிரி இருந்ததால் எனக்கு வித்தியாசமே தெரிந்ததில்லை. அதைத்தான் நான் பிழை என்று எழுதித் திருத்தியிருந்தேன்.

"நாளைக்கே போய்ச் சொல்லிருதேன்" என்றேன்.

"என்னன்னு சொல்லுவே?"

மறுநாள் பானையை அத்தையிடம் திரும்பக் கேட்டு வாங்க நினைத்து, எங்கள் பானையில் அரிசி நிறைத்து எடுத்துக்கொண்டு போனேன். அத்தை வாசலிலேயே நின்றாள்.

"தெரியாமப் பண்ணிட்டேன் அத்தை."

"நீ என்ன தப்புப் பண்ணினே? பட்டணத்து வீட்டுல எடம் கெடையாதுன்னு ஒங்கம்மா ஒம்படத்தக் கொண்டாந்து காட்டினாளே. எட்டு வட்டம். அதுல நம்ம பானை இல்லன்னு அப்பமே எனக்குத் தெரியும். தூக்கிட்டுப் போ, இடுப்பு வலிக்கும்."

அம்மா பாளையங்கோட்டைக்கு வரவில்லை. மறுக்கவும் இல்லை. "போவோம், பைய போவோம்" என்பாள். நான் எடுத்த வீடு பூட்டியே கிடந்தது. ஆற்றுக்குத் தனியாகப் போனாள். குளிர்ந்த தண்ணீர் வேண்டாம் என்று டாக்டர் சொன்னதை நினைவுபடுத்தினால், "ரெண்டு முங்குதான்" என்றாள். யாரும் கேட்காமலே பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். நான் வேலைக்குப் போகும் நாட்களில் தேய்ப்பாள். வந்து பார்த்தால் நாலைந்து பளபளவென்று இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவின் வலது கைச் சுண்டுவிரலைப் பலகையில் வைத்து, பாகைமானியால் அதன் மடக்கத்தை அளந்தேன். கார்த்திகையில் பத்துப் பாகை. மார்கழிக் கடைசியில் பதினெட்டு. அம்மா விரலைத் தந்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"இப்படியே போனா சோத்தப் பிசைஞ்சு திங்க முடியாதும்மா."

"கரண்டி இருக்குல்லா."

தைப்பொங்கல் அன்று தெருவில் வழக்கம்போல் எல்லா வாசலிலும் அடுப்பு மூட்டினார்கள். எங்கள் அடுப்பும் அத்தையின் அடுப்பும் நேருக்கு நேர். எங்கள் பானையில் நாங்கள் பொங்கினோம். அவள் பானையில் அவள் பொங்கினாள். எழுத்தின்படி எல்லாம் சரியாக இருந்தது. அத்தையின் பானை முதலில் பொங்கியது. ஒவ்வொரு வருஷமும் அம்மா அப்போது எதிர்ப்பக்கம் பார்த்துக் குலவையிடுவாள். அந்த வருஷம் குனிந்து விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். புகையில் கண் கலங்குவது யாருக்கும் இயல்புதான்.

அந்த நாட்களில் எளிமையான வாழ்க்கை என்று எதை நினைத்தேன் என்று எனக்கே சந்தேகம் வந்தது. விடுதியில் என்னிடம் நான்கு பொருள்கள் இருந்தன, உண்மைதான். ஆனால் யாரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை, நானும் யாரிடமும் கேட்டதில்லை. எனக்கு வயது பதினெட்டு. ஊரில் அம்மா இருக்கிறாள் என்ற தைரியத்தில் கிடைத்த நிம்மதி அது. அம்மாவை அப்படி ஒரு அறையில் கொண்டுபோய் வைத்தால் அவளுக்கு ஊரில் யார் இருப்பார்கள் என்று நான் கட்டம் போடவில்லை. அதே சமயம், அம்மாவின் இருபத்தாறும் பத்தொன்பதும் அவளை வாழ வைக்கவில்லை என்பதும் கண்ணெதிரே தெரிந்தது. எல்லாம் வீட்டிலேயே இருந்தன. கை மடங்கிக்கொண்டே போயிற்று.

மாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு நானும் ஆற்றுக்குப் போனேன். தண்ணீர் குறைந்து பாறைகள் வெளியே தெரிந்தன. அத்தை எங்களுக்கு முன்னால் வந்து, படியின் மறுகோடியில் துவைத்துக்கொண்டிருந்தாள். நான் ஆற்றுக்குள் இருந்தேன். அம்மா குளித்துக் கரையேறி, நனைந்த சேலையைப் பிழியப் பார்த்தாள். வழக்கமாக நான் பிழிந்து கொடுப்பேன். அன்று அவளே ஒரு நுனியை முழங்கையில் சுற்றிக்கொண்டு, மறு பக்கத்தை இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்தினாள். சேலை நழுவிப் படியில் விழுந்தது. மறுபடி எடுத்தாள். மறுபடி நழுவியது.

நான் ஏறி வருவதற்குள் அத்தை எழுந்து வந்துவிட்டாள். சேலையின் ஒரு தலைப்பை எடுத்து அம்மாவின் கையில் திணித்தாள். மறு தலைப்பைத் தான் பிடித்துக்கொண்டு நாலு எட்டுப் பின்னால் போனாள். அம்மா பிடித்துக்கொண்டு மட்டும் நின்றாள். அத்தை முறுக்கினாள். தண்ணீர் படியெல்லாம் வழிந்தது. முறுக்கிக்கொண்டே கிட்டே வந்தவள் அம்மாவின் விரலைப் பார்த்துவிட்டாள்.

"இது என்னது, இப்படி வளைஞ்சு போச்சு?"

"நாலு மாசமா இப்படித்தான்."

"சொன்னா என்னவாம்?"

"யாருகிட்டச் சொல்ல?"

இரண்டு பேரும் சேலையைப் பிடித்தபடி நின்றார்கள். பிறகு அம்மா கேட்டாள். அம்மா யாரிடமும் ஒரு பொருள் கேட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எங்கள் வீடு கொடுக்கிற வீடு.

"மதினி, பாளையங்கோட்டை வீட்டுல பால் காய்ச்சணும். ஒரு பானை வேணும்."

"ஒங்க வீட்டுலதான் ஊருப்பட்ட பானை கெடக்கே."

"உங்க பானை இல்லல்லா."

"அதான் ஒம்மவ கையெழுத்து வாங்கிட்டுக் குடுத்துட்டாளே."

"அவ கெடக்கா. அவளுக்குக் கோடு போடத் தெரியும். வேற என்ன தெரியும்?"

அத்தை என்னைப் பார்த்தாள். நான் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். "நல்லா முங்குளா, புத்தி தெளியும்" என்றாள். அம்மா சிரித்தாள். நான்கு மாதத்தில் முதல் தடவை.

மறுநாள் காலை அத்தை தன் பானையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தாள். பாதிக்கு மேல் அரிசி இருந்தது. அதன் மேல் ஒரு துண்டு வெல்லம். அம்மா எங்கள் பானையில் துவரம்பருப்பு நிறைத்து வைத்திருந்தாள். அதை நான் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டி, அத்தை காட்டிய இடத்தில் வைத்தேன். நோட்டை எடுத்துக்கொண்டு போகவில்லை.

பங்குனியில் பாளையங்கோட்டையில் பால் காய்ச்சினோம். பெரிய பாத்திரங்கள் முப்பத்தாறும் தெருக் கோயில் மடப்பள்ளிக்குப் போயின. யாருக்குத் தேவையோ அங்கே போய்க் கேட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று அம்மா எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்தாள். தேய்ப்பது கோயில் ஆட்கள். சொல்லும்போது அவள் குரல் சரியாகத்தான் இருந்தது. ரயில் ஏறிய பிறகு சேரன்மாதேவி வரும்வரை அத்தையின் பானையை மடியிலிருந்து இறக்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் ஆகிவிட்டது. நாங்கள் அதே இரண்டு அறையில் இருக்கிறோம். வீட்டில் எங்கள் பாத்திரம் எட்டு, அத்தையின் பானை ஒன்று. ஒன்பதாவதற்கு நான் வட்டம் போட்டிருக்கவில்லை. அதனால் அது தரையில் இருக்கிறது. ஊரிலிருந்து முன்போல் ஆட்கள் வருவதில்லை. முதல் வருஷம் இரண்டு பேர் வந்தார்கள், பிறகு யாரும் இல்லை. அத்தை மட்டும் மாதம் ஒரு தடவை பாசஞ்சரில் வருகிறாள், இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறாள். அம்மா பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படிக்கிறாள். பக்கத்து வீட்டில் உப்பு, உறைமோர், கைத்துணை எது வேண்டுமானாலும் கூச்சமில்லாமல் போய்க் கேட்கிறாள். இடது கை தேறிவிட்டது. வலது கைச் சுண்டுவிரல் முப்பது பாகையில் நின்றுவிட்டது. அதற்கு மேல் மடங்கவில்லை, நிமிரவும் இல்லை.